நண்டலாறு பாலத்தில் மாறும் சட்டம்: ஒரு ஹெல்மெட்டின் வரலாறு

காரைக்காலில் இருந்து பைக்கை எடுத்துக்கொண்டு வடக்கே கிளம்பினால், பூவம் தாண்டியதும் நண்டலாறு பாலம் வரும். பாலத்துக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசம். அந்தப் பக்கம் தமிழ்நாடு. தெற்கே போனால் வாஞ்சூர். அதைத் தாண்டினால் நாகூர், மறுபடியும் தமிழ்நாடு. நடுவில் இருக்கிற சின்ன நிலம்தான் எங்கள் ஊர்.

நான் பள்ளிக்கூடம் படித்த வருஷங்களில் அந்தப் பாலத்தில் ஒரு காட்சியைத் தினமும் பார்க்கலாம். வடக்கே போகிற பைக்குகள் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓரமாக நிற்கும். பெட்ரோல் டேங்க் மேலே இருந்த ஹெல்மெட், கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்த ஹெல்மெட், முழங்கையில் வளையல் மாதிரி மாட்டியிருந்த ஹெல்மெட் எல்லாம் தலைக்கு ஏறும். திரும்பி வருகிறவர்கள் பாலம் இறங்கியதும் கழற்றி விடுவார்கள். என் மாமாவும் அப்படித்தான். "ஏன் மாமா, இங்கேயும் போட்டுக்கிட்டா என்ன?" என்று ஒரு நாள் கேட்டேன். "அந்தப் பக்கம்தான்டா புடிப்பாங்க" என்றார்.

அந்த பதிலை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. போலீஸ் அதில் இருக்கிறது, அபராதம் இருக்கிறது. தலை மட்டும் இல்லை!

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். பெயர் வேண்டாம். ஒரு மழைநாள் ராத்திரி, ஊருக்குள்ளேயே, நாய் குறுக்கே வந்ததில் வண்டி சறுக்கி விழுந்தார். கை கால்களில் பெரிய காயம் எதுவும் இல்லை. தலையில் மட்டும்தான் அடி. தஞ்சாவூருக்குக் கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தியபோது ஹெல்மெட் ஹேண்டில்பாரிலேயே தொங்கிக்கொண்டிருந்ததாம், ஒரு கீறல் கூட இல்லாமல்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. ஒரு அரசாங்கம் சாலையில் போகிற மனிதனின் உயிரை எப்படிக் காப்பாற்றப் பார்க்கிறது? சட்டம் போட்டால் போதுமா? சட்டம் இருந்தும் ஏன் நடப்பதில்லை? சாலைப் பாதுகாப்பு பெரிய கடல். அதனால் ஹெல்மெட் என்ற ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு அதன் வரலாற்றைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எங்கள் ஊர் அதில் எங்கே வருகிறது என்பதும் பின்னால் தெரியும்.

ஒரு டாக்டர் கேட்ட கேள்வி

கதை இங்கிலாந்தில் ஆரம்பிக்கிறது. முதல் உலகப் போரில் அரேபியாவில் பேர் வாங்கிய டி.ஈ. லாரன்ஸ் பெரிய மோட்டார் சைக்கிள் பைத்தியம். 1935 மே மாதம் சைக்கிளில் போன இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பியபோது தூக்கி எறியப்பட்டார். தலையில் அடி. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்து போனார். அவருக்கு வைத்தியம் பார்த்தவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை சிகிச்சை நிபுணர்.

காப்பாற்ற முடியாமல் போன அந்த உயிரை அவர் மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்துகளில் தலைக்காயம் எப்படி ஏற்படுகிறது, ஹெல்மெட் போட்டவர்களுக்கு என்ன ஆகிறது என்று கணக்கெடுத்து 1941-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். அதே வருஷம் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு முதலில் சட்டம் போட்டது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1961-ல். இங்கிலாந்தில் எல்லோருக்கும் கட்டாயமானது 1973-ல்தான்.

கவனியுங்கள். லாரன்ஸ் செத்தது 1935. அந்த நாட்டில் பொதுச் சட்டம் வந்தது 1973. நடுவில் 38 வருஷம்! ஒரு உண்மை கண்டுபிடிக்கப்படுவதற்கும் அது சட்டமாவதற்கும் இவ்வளவு தூரம். அது சட்டமான பிறகு நடைமுறைக்கு வர எவ்வளவு தூரம் என்பதுதான் நம்ம ஊர்க் கதை.

இந்தியாவுக்கு வந்த சட்டம்

இந்தியாவில் மோட்டார் வாகனங்களுக்கான முதல் அகில இந்தியச் சட்டம் 1914-ல் வந்தது. அடுத்தது 1939-ன் மோட்டார் வாகனச் சட்டம். அதில் ஹெல்மெட் பற்றி ஆரம்பத்தில் எதுவும் கிடையாது. 1977-ல் ஒரு திருத்தம் செய்து 85-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது அப்போதுதான் சட்டப் புத்தகத்தில் ஏறியது. தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு.

"என் தலை, என் இஷ்டம்" என்று யாராவது கோர்ட்டுக்குப் போவார்கள் இல்லையா? போனார்கள். ஆந்திராவில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து, எங்கும் சுதந்திரமாகப் போகிற என் அடிப்படை உரிமையை இது பறிக்கிறது என்று அஜய் கானு என்பவர் தொடுத்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. உயிரைக் காப்பாற்றப் போட்ட விதி உரிமையைப் பறிப்பதாகாது என்று 1988-ல் கோர்ட் தள்ளுபடி செய்தது. சட்டப்படி அந்த வாதம் அன்றைக்கே முடிந்து விட்டது. டீக்கடையில் மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

பிறகு 1988-ன் புதிய மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் 129-வது பிரிவு ஹெல்மெட் பற்றியது. ஓட்டுகிறவர், பின்னால் உட்காருகிறவர் இருவருமே அணிய வேண்டும். ஆனால் அந்தப் பிரிவின் கடைசியில் ஒரு சின்ன வரி இருந்தது. மாநில அரசு தனக்குச் சரி என்று பட்டால் விதிவிலக்கு கொடுக்கலாம் என்று.

அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய கதவு என்று யோசித்துப் பாருங்கள். டெல்லி சட்டம் போடும், மாநிலம் விலக்கு கொடுக்கும். தேர்தல் வந்தால் போலீஸ் பிடி தளரும், கோர்ட் கண்டித்தால் இறுகும். பிரிவு 129 இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் அது நண்டலாறு பாலத்தில் ஒரு மாதிரியும், பாலம் தாண்டி ஒரு மாதிரியும் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

தமிழ்நாடு: 2007, 2015

2007-ல் தமிழ்நாட்டில் ஜூன் 1 முதல் பெரிய நகரங்களில் ஹெல்மெட் கட்டாயம் என்று அரசு அறிவித்தது. பின்னால் உட்காரும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் விலக்கு. இந்த விலக்கை நான் எத்தனை தடவை படித்தாலும் புரியவில்லை. தார் ரோட்டுக்கு ஆண் தலை, பெண் தலை என்று வித்தியாசம் தெரியுமா என்ன? கடைகளில் கூட்டம், திடீர் விலையேற்றம், எதிர்ப்பு எல்லாம் வந்தது. சீக்கிரமே பிடி தளர்ந்தது. ஹெல்மெட்டுகள் பரணுக்குப் போயின.

அடுத்த அலை 2015-ல். இந்த முறை கோர்ட் மூலமாக. விபத்து நஷ்டஈடு தொடர்பான ஒரு வழக்கில் சென்னை ஐகோர்ட் நீதிபதி என். கிருபாகரன், ஜூலை 1 முதல் தமிழ்நாடு முழுவதும் ஹெல்மெட் கட்டாயம், போடாதவர்களின் ஆவணங்களைப் பறிமுதல் செய்யுங்கள், புது ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டை வாங்கி ரசீதோடு வந்து காட்டினால் திருப்பிக் கொடுங்கள் என்று உத்தரவிட்டார். ஜூன் கடைசி வாரம் ஹெல்மெட்டுக்குத் தட்டுப்பாடு. ரோட்டோரத்தில் பிளாஸ்டிக் சட்டி மாதிரி எதையோ ஹெல்மெட் என்று விற்றார்கள். மதுரையில் வக்கீல்களே இந்த உத்தரவை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். அது கோர்ட் அவமதிப்பு விவகாரமாகவும் ஆனது.

ஒரே சட்டம் 1977-ல் பிறந்தது, 1989-ல் பிறந்தது, 2007-ல் பிறந்தது, 2015-ல் பிறந்தது. ஒவ்வொரு முறையும் "நாளை முதல் ஹெல்மெட் கட்டாயம்" என்று புதுச் செய்தி மாதிரியே பத்திரிகைகளில் வரும். ஏற்கனவே கட்டாயமாக இருக்கிற ஒன்று நாளையில் இருந்து எப்படிக் கட்டாயமாகும் என்று யாரும் கேட்பதில்லை.

அதே 2007, வேறு ஒரு நாடு

இங்கே கொஞ்சம் வியட்நாமுக்குப் போய் வருவோம். காரைக்கால்காரர்களுக்கு அது அந்நிய தேசம் இல்லை. 1739-ல் தஞ்சாவூர் ராஜாவிடம் இருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. பிறகு அவர்கள் சைகோனைப் பிடித்தபோது, புதுச்சேரி, காரைக்காலில் இருந்து அரசாங்க உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் எத்தனையோ பேர் அங்கே போனார்கள். தாத்தா, கொள்ளுத்தாத்தா காலத்து சைகோன் கதை சொல்லும் வீடுகள் எங்கள் ஊரில் இன்றும் உண்டு.

அந்த வியட்நாம் முழுக்க டூவீலர் நாடு. ஹெல்மெட் விதிகள் அங்கேயும் முன்பே இருந்தன, அங்கேயும் யாரும் மதிக்கவில்லை. ஹெல்மெட்டை "மின்சாரச் சோற்றுப் பானை" என்று கேலி செய்தார்கள். வெயில், வியர்வை, விலை, தலைமுடி, "பக்கத்துலதானே போறேன்"... நாம் சொல்கிற அத்தனை காரணமும் அவர்களும் சொன்னதுதான்.

2007 ஜூன் கடைசியில், அதாவது தமிழ்நாட்டில் ஹெல்மெட் விதி வந்த அதே மாதத்தில், வியட்நாம் அரசு ஒரு தீர்மானம் போட்டது. ஆனால் மறுநாளே பிடிக்க ஆரம்பிக்கவில்லை. முதலில் செப்டம்பர் 15 முதல் நெடுஞ்சாலைகளிலும் அரசு ஊழியர்களுக்கும் கட்டாயம். பிறகு டிசம்பர் 15 முதல் நாடு முழுக்க எல்லாச் சாலையிலும் எல்லோருக்கும். அபராதம் பழையதைப் போல பத்து மடங்கு. வெப்பநாட்டுக்கு ஏற்ற எடை குறைந்த ஹெல்மெட்டுகளும் கடைகளில் கிடைத்தன. தேதி எல்லோருக்கும் தெரியும், விலக்கு கேட்க ஆள் இல்லை, முதலில் போட்டவர்கள் அரசாங்கத்துக்காரர்கள்.

டிசம்பர் 15 காலையில் அந்த நாட்டின் தெருக்கள் ஒரே நாளில் மாறிப்போயின. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஹெல்மெட்டோடு வந்தார்கள். அதற்குப் பிறகான முதல் மூன்று மாதத்தில், கண்காணிக்கப்பட்ட 20 மருத்துவமனைகளில் தலைக்காய அபாயம் 16 சதவீதமும் இறப்பு அபாயம் 18 சதவீதமும் குறைந்தன.

அவர்களும் எல்லாவற்றையும் சரியாகச் செய்து விடவில்லை. சின்னப் பிள்ளைகள் போடாவிட்டால் அபராதம் விதிக்க வழி இல்லாமல் விட்டுவிட்டார்கள். விளைவு, அப்பா அம்மா ஹெல்மெட்டோடு, நடுவில் பிள்ளை வெறும் தலையோடு. அந்த ஓட்டையைப் பிறகு 2010-ல் அடைத்தார்கள். முக்கியமான விஷயம் இதுதான்: ஓட்டை தெரிந்ததும் அதை அடைத்தார்கள், சட்டத்தைக் கைவிடவில்லை.

நம் ஊர்: ஹெல்மெட் அரசியலானது

இப்போது நம் பிரதேசத்துக்கு வருவோம். புதுச்சேரியில் 2017 மே மாதம் ஹெல்மெட் கட்டாயம் என்று ஒரு அறிவிப்பு வந்தது. நீடிக்கவில்லை. 2019 பிப்ரவரியில் நடந்ததுதான் நாடு முழுக்கச் செய்தியானது.

பிப்ரவரி 11 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று போலீஸ் உத்தரவு வந்தது. துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி தானே தெருவில் இறங்கி டூவீலர்களை நிறுத்தி ஹெல்மெட் எங்கே என்று கேட்டார். முதலமைச்சர் நாராயணசாமி, முதலில் விழிப்புணர்வு, பிறகு படிப்படியாக என்றார். ஆளும் கட்சி எம்.எல்.ஏ.க்கள் ஹெல்மெட்டுகளைத் தரையில் போட்டு உடைத்தார்கள். பிப்ரவரி 13-ம் தேதி முதலமைச்சர் கறுப்புச் சட்டையோடு ராஜ்நிவாஸ் வாசலில் உட்கார்ந்து விட்டார். அந்தப் போராட்டம் பிப்ரவரி 18 வரை நடந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அந்தச் சண்டை ஹெல்மெட்டுக்காக மட்டும் நடந்ததல்ல. இலவச அரிசி முதல் எத்தனையோ கோப்புகள் நிலுவையில் இருந்தன. யூனியன் பிரதேசத்தில் அதிகாரம் யாருக்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கா, நியமிக்கப்பட்டவருக்கா என்பதுதான் அடியில் இருந்த கேள்வி. 2019 ஏப்ரலில் ஐகோர்ட் தனி நீதிபதி, அன்றாட நிர்வாகத்தில் ஆளுநர் தலையிட முடியாது என்றார். 2020 மார்ச்சில் டிவிஷன் பெஞ்ச் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இரண்டு பக்கமும் பேச நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொள்ள அவர்கள் கையில் எடுத்த பொருள் ஹெல்மெட். ஹெல்மெட் போட்டால் அவர் கட்சி, போடாவிட்டால் இவர் கட்சி என்று ஆகிவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. அதே வருஷம் அக்டோபரில் இடைத்தேர்தல் பிரச்சாரத்துக்கு முதலமைச்சர் டூவீலரில் ஹெல்மெட் இல்லாமல் போன படத்தை ஆளுநர் வெளியிட்டார். உடனே முதலமைச்சர், 2017-ல் ஆளுநர் ராத்திரி ரோந்துக்கு ஸ்கூட்டரின் பின்னால் ஹெல்மெட் இல்லாமல் போன பழைய படத்தை எடுத்துப் போட்டார். இரண்டு படமும் உண்மை! நாங்கள் அப்போது சிரித்தோம். ஆனால் சாலையில் போகிற ஒரு பையன் அந்த இரண்டு படத்தையும் பார்த்து என்ன கற்றுக்கொள்வான்? மேலே இருப்பவர்களே போடுவதில்லை, இது சும்மா சண்டைக்கான சமாச்சாரம் என்றுதானே?

வியட்நாமில் அரசாங்கத்துக்காரர்கள் முதலில் போட்டார்கள். இங்கே முதலில் உடைத்தார்கள்.

2019-ல் மத்திய சட்டமும் மாறியது. செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தில் ஹெல்மெட் அபராதம் 100 ரூபாயில் இருந்து 1000 ரூபாய் ஆனது, கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் கட்டாயம். முக்கியமாக, மாநில அரசு விலக்கு கொடுக்கலாம் என்ற அந்தப் பழைய வரி எடுக்கப்பட்டு விட்டது. தமிழ்நாடு புதிய அபராதங்களை 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. புதுச்சேரியில் 2025 ஜனவரியில் மறுபடியும் "ஹெல்மெட் கட்டாயம்" அறிவிப்பு வந்தது. ஆக, நம் பிரதேசத்திலும் இந்தச் சட்டம் பல முறை பிறந்து விட்டது. இந்த முறையாவது வளர்ந்து பெரிசாகட்டும்.

"ஊருக்குள்ளதானே" என்பவர்களுக்கு

கூடப் படிக்கிறவர்கள் அதிகமாகச் சொல்கிற காரணம் இதுதான். கடைத்தெரு வரைக்கும்தானே, முப்பதில்தானே போகிறேன் என்பார்கள். ஃபிசிக்ஸ் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பைக்கில் உட்கார்ந்திருக்கும்போது தலை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி நின்றுகொண்டே இருந்தாலும், அந்த உயரத்தில் இருந்து தலை கீழே வந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல். வேண்டுமானால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சும்மா நிற்கிற வண்டியில் இருந்து விழுந்தாலே ஒரு மண்டை ஓட்டுக்கு அது அதிகம்.

ஹெல்மெட் செய்கிற வேலையும் எளிமையானது. வெளி ஓட்டைவிட முக்கியம் உள்ளே இருக்கிற தெர்மாகோல். அது நசுங்குவதற்காகவே வைக்கப்பட்டது. நசுங்குகிற அந்தச் சில நொடித் துணுக்கில் தலையின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அதனால்தான் ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. தாடைப் பட்டையைப் போடாமல் சும்மா தலையில் கவிழ்த்துக்கொண்டால், விழும்போது முதலில் பறந்து போவது ஹெல்மெட்தான். 2021 ஜூன் முதல் டூவீலருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட் செய்வதும் விற்பதும் குற்றம்.

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஹெல்மெட் இறப்பு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகத் தெரிந்தது. இந்தியாவில் 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஒரு நாளைக்கு 460 பேருக்கு மேல். அவர்களில் டூவீலரில் போனவர்கள் 74,897 பேர். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர், அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். பின்னால் உட்காருகிறவருக்கு விலக்கு கொடுத்தவர்கள் இந்தக் கடைசி எண்ணை ஒரு முறை படிக்க வேண்டும்.

ஹெல்மெட் மட்டும் போதுமா?

போதாது. அது கடைசித் தடுப்பு. அதற்கு முன்னால் சாலை இருக்கிறது, வண்டி இருக்கிறது, குடி இருக்கிறது.

குடி என்றதும் எங்கள் ஊர் பேர்தான் முதலில் வரும். இங்கே விலை குறைவு என்று பாலம் தாண்டி வந்து குடித்துவிட்டுத் திரும்பவும் பாலம் தாண்டிப் போகிறவர்கள் எத்தனை பேர்! தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு நடத்திய வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2016 டிசம்பர் 15-ல், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது. 2017 மார்ச்சில் சிறிய ஊர்களுக்கு அது 220 மீட்டராகக் குறைந்தது. ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று விளக்கம் வந்தது. காரைக்கால் மாதிரி நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே புகுந்து போகிற இடங்களில் மறுபடி பழைய கதைதான். இங்கேயும் அதே பாடம். கண்டிப்பாக ஒரு விதி வரும், பிறகு ஓரங்களில் தளரும்.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து 2012-ல் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்குப் போட்டார். இங்கிலாந்தில் கெய்ர்ன்ஸ் செய்ததை இங்கே அவர் வேறு வழியில் செய்தார். அந்த வழக்கால்தான் 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. மாநிலங்களை வருஷம்தோறும் கேள்வி கேட்க ஒரு இடம் கிடைத்தது. 2017 நவம்பரில் வந்த தீர்ப்பு, மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு வேண்டும், விபத்து அடிக்கடி நடக்கும் இடங்களைக் கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டது. 2019 திருத்தத்தில் சாலையைத் தவறாக வடிவமைத்து உயிர் போனால், போட்டவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றும் சேர்த்தார்கள். ஓட்டினவன் மேலேயே எல்லாப் பழியையும் போட்ட காலம் மெதுவாக மாறுகிறது.

கடைசியாக ஒரு எண் விவகாரம். தமிழ்நாட்டில் 2016-ல் சாலை விபத்து இறப்பு 17,218. 2019-ல் 10,525 என்று அறிக்கை வந்தது. எல்லா மாநிலங்களுக்கும் முன்னுதாரணம் என்று பாராட்டினார்கள். தமிழ்நாடு நிறைய நல்ல காரியங்கள் செய்ததும் உண்மை. 108 ஆம்புலன்ஸ், அவசர சிகிச்சை மையங்கள், 2021 டிசம்பரில் தொடங்கிய, முதல் 48 மணி நேர சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் என்று பட்டியல் நீளும். ஆனால் பின்னால் வந்த மத்திய அறிக்கையில் 2019-ன் எண் திருத்தப்பட்டு 18 ஆயிரத்தைத் தாண்டியது. பாராட்டிய அந்தக் குறைவு தாளில் மட்டும்தான் இருந்திருக்கிறது. எண்ணப்படாத சாவுக்குக் காரணம் தேட மாட்டார்கள். காரணம் தெரியாவிட்டால் எந்த வளைவைத் திருத்துவது, எங்கே விளக்குப் போடுவது?

முடிவாக

இந்த வரலாற்றைப் படித்து முடித்தபோது எனக்குப் புரிந்தது ஒன்றுதான். நமக்குச் சட்டம் இல்லாமல் யாரும் சாகவில்லை. 1977-ல் இருந்து சட்டம் இருக்கிறது. அதை எல்லோருக்கும், எல்லா நாளும், பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி நடத்துகிற பழக்கம்தான் இல்லாமல் போனது. இன்றைக்குப் பிடித்து நாளைக்கு விடுகிற விதி, விதியே இல்லாததைவிட மோசம். அது ஜனங்களுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுக்கிறது. "கொஞ்ச நாள் பிடிப்பாங்க, அப்புறம் விட்டுடுவாங்க" என்று.

அரசாங்கம் அதன் பங்கைச் செய்யட்டும். நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். ஹெல்மெட்டைப் பாலத்தில் போடாமல் வீட்டு வாசலில் போடலாம், பின்னால் ஏறுகிற தங்கைக்கும் அம்மாவுக்கும் சேர்த்து. என் மாமா இப்போது வாசலிலேயே போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறார். சட்டத்துக்குப் பயந்து இல்லை. எங்கள் தெருவில் அந்த அண்ணன் வீட்டைத் தாண்டித்தான் அவர் தினமும் போக வேண்டும்.